நாற்காலிக்காகச் சண்டையிட்டவரும் நெல்லுக்காக வாக்குக் கொடுத்தவரும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் நெருங்கிவிட்டால் நம் பங்குகளில் ஒரு பேச்சு எழும். "சாமியாருக்கு அரசியலில் என்ன வேலை? பூசை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே" என்பார் ஒருவர். "நம்ம சாமி ஒரு வார்த்தை சொன்னால் மேலே கேட்பார்கள். அவரும் வாயை மூடிக்கொண்டால் நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்பார் அடுத்தவர். இரண்டு பேருமே திருச்சபையை நேசிக்கிறவர்கள்தான். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆகவே இன்று நாம் வரலாற்றின் பக்கம் போவோம். கையில் செங்கோல் பிடித்த குருக்கள் இருந்திருக்கிறார்கள். செங்கோல் பிடித்தவர்களின் வாசலில் போய் நின்ற குருக்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் நம் சேலம், நாமக்கல் சமவெளியையும் அதன் எல்லையையும் தொட்டுச் சென்றவர்கள்.

முதலில் செங்கோல் பிடித்தவர்களைப் பார்ப்போம். செர்மனி நாட்டின் நடுப்பகுதியில் புல்டா என்ற ஊர் இருக்கிறது. புனித போனிபாஸின் சீடர் ஸ்டுர்மி என்பவர் 744-ஆம் ஆண்டு அங்கே காட்டை வெட்டி ஒரு துறவுமடம் கட்டினார். மறைசாட்சியாக இறந்த போனிபாஸின் உடல் அந்த மடத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது. பக்தர்கள் வந்தார்கள். அரசர்கள் நிலம் எழுதி வைத்தார்கள். மடத்துப் பள்ளி புகழ் பெற்றது. நூல்களைப் படியெடுத்துக் காத்த கைகள் அந்த மடத்தில் இருந்தன. இவையெல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால் நிலம் பெருகியபோது நிலத்தோடு வரும் வேலைகளும் பெருகின. வரி வாங்க வேண்டும், வழக்குத் தீர்க்க வேண்டும், பேரரசர் போருக்குப் போனால் குதிரை வீரர்களை அனுப்ப வேண்டும். மடத்தின் தலைவர் மெல்ல மெல்ல ஒரு சிற்றரசர் ஆனார். 1220-இல் புல்டாவின் மடாதிபதிக்குப் பேரரசின் இளவரசர் என்ற தகுதியே கிடைத்தது. அந்நாட்டில் இப்படிப் பல மடங்கள் இருந்தன. அவற்றின் தலைவர்கள் ஒரே நேரத்தில் துறவியாகவும் ஆட்சியாளராகவும் இருந்தார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், சாமியாரும் அவரே, பாளையக்காரரும் அவரே.

இளவரசர் என்ற பட்டம் வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதன் விளைவு தெரிந்துவிட்டது. விடராட் என்பவர் புல்டாவின் மடாதிபதியாக இருந்த காலம். 1062-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அரசர் நான்காம் ஹென்றி கோஸ்லார் நகரில் தங்கியிருந்தார். அரசருக்கு அப்போது வயது பன்னிரண்டு. ஆயர்களும் மடாதிபதிகளும் கூடியிருந்தார்கள். மாலைச் செபத்துக்கு ஆலயத்தில் நாற்காலிகளைப் போடும்போது சச்சரவு வந்தது. மைன்ஸ் பேராயருக்குப் பக்கத்து நாற்காலி புல்டா மடாதிபதிக்கே உரியது, அது பழைய வழக்கம் என்றார் விடராட். இது என் மறைமாவட்டம், இங்கே பேராயரைத் தவிர வேறு யாரும் எனக்கு முன்னால் உட்கார முடியாது என்றார் ஹில்டெஸ்ஹைம் ஆயர் ஹெட்சிலோ. அன்று வேலைக்காரர்களின் கைகலப்போடு முடிந்தது.

அடுத்த ஆண்டு தூய ஆவியார் பெருவிழா வந்தது. அதே கோஸ்லார், அதே ஆலயம், அதே நாற்காலி. இந்த முறை ஆயர் தரப்பில் ஆயுதம் தாங்கிய வீரர்களைப் பீடத்துக்குப் பின்னால் முன்கூட்டியே மறைத்து வைத்திருந்தார்கள். மடாதிபதியின் ஆட்களும் வாளோடு வந்தார்கள். பாடற்குழுவினர் நின்று பாடும் இடத்தில் வெட்டும் குத்தும் நடந்தது. ஆயர் உயரமான ஓர் இடத்தில் ஏறி நின்று தம் ஆட்களை ஊக்கினார் என்று அக்காலத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சிறுவனான அரசர் கத்திக் கத்திப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. இரு பக்கமும் பலர் செத்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் பழி பெரும்பாலும் விடராட் தலையில் விழுந்தது. பதவியைக் காப்பாற்றிக்கொள்ள அவர் மடத்தின் சொத்தை வாரி இறைக்க வேண்டியதாயிற்று. அதைக் கண்டு மடத்துத் துறவிகளே அவருக்கு எதிராகக் கிளம்பினார்கள்.

இதைக் கேட்டு நாம் அவசரப்பட்டுச் சிரித்துவிடக் கூடாது. நம் பங்குத் திருவிழா மேடையில் முன்வரிசை நாற்காலிக்காக முகம் சுளித்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் செபதேயுவின் மக்கள் இருவரும் ஆண்டவரிடம் கேட்டதும் இதைத்தான்: ஒருவருக்கு வலப்பக்கம், ஒருவருக்கு இடப்பக்கம். மற்றப் பத்துப் பேரும் கோபப்பட்டார்கள். அவர்கள் மனத்திலும் அதே நாற்காலி இருந்திருக்கலாம். மக்களை அடக்கி ஆளும் தலைவர்களைச் சுட்டிக்காட்டி, உங்களிடையே அப்படி இருக்கக் கூடாது, பெரியவராக விரும்புகிறவர் தொண்டராக இருக்கட்டும் என்று ஆண்டவர் அன்று கற்பித்தார்.

விடராட் பிறவியிலேயே கெட்டவர் என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். அவர் வகித்த பதவியின் தன்மை அப்படி. மடத்தின் உரிமையை ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தால் அடுத்த இடத்தில் நிலத்தையும் இழக்க நேரும் என்று அவர் அஞ்சியிருக்கக்கூடும். இழக்க நிறைய இருப்பவருக்கு அந்த அச்சம் இயல்பு. நாற்காலியைக் காப்பது மடத்தைக் காப்பது போலவும், மடத்தைக் காப்பது கடவுளைக் காப்பது போலவும் அவருக்குத் தோன்றிவிடும். அங்கேதான் ஆபத்து.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை அடிவாரம் நோக்கிப் போனால் சேந்தமங்கலம். 1623-ஆம் ஆண்டு அந்த ஊருக்கு மதுரையிலிருந்து ஒரு துறவி நடந்து வந்தார். இயேசு சபையைச் சேர்ந்த இராபர்ட் தெ நோபிலி. தத்துவ போதகர் என்று நாம் அறிந்தவர். அன்று சேந்தமங்கலத்தை ஆண்டவர் இராமச்சந்திர நாயக்கர், சேலத்தை ஆண்டவர் சாலபட்டி நாயக்கர். இருவரும் மதுரை நாயக்கருக்குக் கீழ்ப்பட்ட குறுநிலத் தலைவர்கள்.

நோபிலியின் கையில் என்ன இருந்தது? கடற்கரை ஊர்களில் கிறிஸ்தவர்களுக்குப் போர்த்துக்கீசியரின் கப்பலும் பீரங்கியும் துணை நின்றன. உள்நாட்டில் அந்தத் துணை வேண்டாம் என்று நோபிலி விலகி நின்றார். பரங்கியரின் ஆள் என்று தம்மை யாரும் எண்ணக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்று, சந்நியாசியாக வந்தார். சேந்தமங்கலத்தில் நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். சேலத்தில் முதலில் சரியான தங்குமிடம்கூடக் கிடைக்கவில்லை. பொறுத்திருந்தார்.

சேலத்து நாயக்கருக்கு ஓர் அண்ணன் இருந்தார், திருமங்கல நாயக்கர். ஆட்சியைத் தம்பியிடம் இழந்தவர். அவர் நோபிலியைத் தேடி வந்து மறையறிவு கற்று, 1625-இல் திருமுழுக்குப் பெற்றார். இதை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அரசியல் கணக்குப் போடும் ஒரு குரு, ஆட்சியில் இருக்கும் தம்பியின் மனம் நோகாதபடி அண்ணனைத் தூரத்தில் வைத்திருப்பார். பதவி போனவரால் என்ன பயன்? நோபிலி அந்தக் கணக்கைப் போடவில்லை. கேட்டு வந்தவருக்குக் கொடுத்தார். நம் சமவெளியில் கத்தோலிக்க மறை இப்படி, அதிகாரம் இழந்த ஒருவரின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தன. மதுரை நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிந்துபோயிற்று. சேலம், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகள் மைசூரின் கைக்குப் போயிருந்தன. மைசூரில் ஹைதர் அலி ஓங்கி நின்றார். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி. இரண்டுக்கும் நடுவே கிடந்தது நம் மண். 1768-இல் கம்பெனிப் படை வந்து சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு என்று ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்தது. சில மாதங்களில் ஹைதர் திரும்பி வந்து மீட்டுக்கொண்டார். கோட்டையில் கொடி இப்படி மாறும்போதெல்லாம் படைக்குத் தீனியும் மாடும் வண்டியும் கொடுத்தது யார்? ஏர் பிடித்த குடியானவர்தான்.

1769-இல் ஹைதர் சென்னையின் வாசல் வரை வந்து கம்பெனியை ஓர் உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். ஒருவர் மேல் படையெடுப்பு வந்தால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர் மேல் வந்தார்கள். கம்பெனி அசையவில்லை. அந்தப் புண் ஆறாதிருக்கையில், 1779-இல் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹி துறைமுகத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கம்பெனி பிடித்துக்கொண்டது. இனிப் போர் வந்துவிடும் என்ற அச்சம் சென்னையில் எழுந்தது. ஹைதரின் மனத்தை அறிய ஆள் அனுப்ப வேண்டும். யார் போவது?

ஆளுநர் தாமஸ் ரம்போல்டு தேர்ந்தெடுத்தது ஒரு மறைப்பணியாளரை. கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர். பிரஷ்யாவைச் சேர்ந்த சோனன்பர்க்கில் 1726-இல் பிறந்தவர், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு திருச்சியிலும் தஞ்சையிலும் பணி செய்தவர். அவர் நம் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் பிரிந்துபோன சகோதரர்களிடம் ஆவியார் செய்த நன்மைகளை மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்த மனத்தோடு அவரிடமிருந்து கற்றுக்கொள்வோம். இன்னொன்றும் உண்டு. சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் உழைத்த அதே நாள்களில், செர்மனியில் மடாதிபதி அரசர்கள் இன்னும் ஆண்டுகொண்டுதான் இருந்தார்கள். ஒரே நாட்டு மக்களிடமிருந்து வந்த இரண்டு வழிகள் அவை.

இந்தப் பயணத்துக்கு அவர் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. இது நற்செய்திப் பணிக்கு அடுத்ததா என்று யோசித்தார், செபித்தார். ஒரு போரைத் தடுக்க முடிந்தால் அது கடவுளுக்குப் பிடித்த வேலைதான் என்று கருதிப் புறப்பட்டார். பயணச் செலவு தவிர வேறு எதுவும் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார்.

1779 சூலை மாதம் திருச்சியிலிருந்து கிளம்பிக் கரூர் வந்தார். மோகனூர்ப் பக்கத்தில் நின்று காவிரிக்கு அக்கரையில் பார்த்தால் தெரிகிற சீமை அது. அன்று கரூர் ஹைதரின் எல்லைக் கோட்டை. உத்தரவு வரும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் அங்கேயே காத்திருந்தார். பிறகு சத்தியமங்கலம், கஜலட்டிக் கணவாய் வழியாக மலையேறி, ஆகஸ்டு கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். வழியெல்லாம் சாலையும் பாலமும் நன்றாகப் பேணப்படுவதைக் கண்டு எழுதி வைத்தார். அதிகாரிகளைக்கூடச் சாட்டையால் அடிக்க அரண்மனையில் ஆட்கள் நிற்பதையும் கண்டு எழுதி வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர், ஒரே நேரத்தில் பலர் வாசிக்கும் கடிதங்களைக் கேட்டுப் பதில் சொல்லும் கூர்மையைக் கண்டு வியந்தார். பகைவரிடம் உள்ள நன்மையை மறைக்கவும் இல்லை, கொடுமைக்குச் சாயம் பூசவும் இல்லை.

ஹைதர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். கம்பெனி வாக்குத் தவறிய கதையையெல்லாம் எடுத்துச் சொல்லி, ஒரு கடிதமும் கொடுத்தார். கோட்டைக்கு வெளியே கூடாரத்தில் தங்கியிருந்த சுவார்ட்ஸ் ஐயர், ஹைதரின் படையில் வேலை பார்த்த ஐரோப்பியருக்கு வழிபாடு நடத்தினார். யாரும் தடுக்கவில்லை. விடைபெறும்போது வழிச்செலவுக்கு என்று முந்நூறு ரூபாய் உள்ள ஒரு பை வந்தது. வாங்க மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் பெற்றுக்கொண்டார். சென்னைக்கு வந்ததும் அதை அப்படியே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதல் நிதியாக வைத்தார்.

தூது வெற்றி பெற்றதா? இல்லை. ஹைதரின் மனக்குறையைத் தீர்க்கச் சென்னையில் யாரும் முயலவில்லை. அடுத்த ஆண்டு சூலையில் ஹைதர் பெரும்படையோடு கணவாய்களின் வழியே இறங்கினார். ஊர்கள் எரிந்தன. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. சுவார்ட்ஸ் ஐயர் சமாதானம் தேடிப் போனார். அவரை அனுப்பியவர்களோ, ஹைதரின் எண்ணம் தெரிந்தால் போதும் என்றிருந்தார்கள். நல்ல மனிதரின் பெயரை ஒரு காரியத்துக்கு வாங்கிக்கொண்டு, அவர் சொன்னதைக் கேட்காமல் விடுவது ஆட்சியாளர்களுக்குப் புதிதல்ல.

இருந்தாலும் அந்தப் பயணம் வீணாகவில்லை. போர் நடந்த காலம் முழுவதும், அந்தப் பாதிரியாரைத் தடுக்கக் கூடாது, மரியாதையாக நடத்த வேண்டும் என்று ஹைதர் தம் படைத் தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். எதிரியின் பாளையம் வழியாகவே அவர் போய்வர முடிந்தது. ஒரு பை பணத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாதவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அது.

அடுத்து நடந்ததுதான் நாம் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டியது. போரால் தஞ்சை நாடு பாழானது. வாய்க்கால்கள் உடைந்தன. கோட்டைக்குள் பஞ்சம். தெருவில் பிணங்கள் கிடந்தன. சுற்று வட்டாரத்துக் குடியானவர்களிடம் நெல் இருந்தது. ஆனால் ஒருவரும் கொண்டுவரவில்லை. காரணம் என்ன? முன்பு கொண்டுவந்த நெல்லுக்கு அரண்மனையும் கொடுக்கவில்லை, கம்பெனியும் கொடுக்கவில்லை. மாட்டையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இப்போது பணம் தருகிறோம் என்று தண்டோரா போட்டாலும் யார் நம்புவார்கள்? மன்னர் துளஜாஜியே மனம் நொந்து, நம் எல்லாருடைய வாக்கும் செல்லாக்காசாகிவிட்டது, சுவார்ட்ஸை நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்று சொல்லி, பேரம் பேசும் அதிகாரத்தை அவரிடம் விட்டார்.

அவர் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். நெல்லுக்கும் மாட்டு வாடகைக்கும் நான் பொறுப்பு என்றார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிமாடுகள் வந்து நின்றன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. வந்தவர்களுக்கு இரவென்றும் பாராமல் உடனே பணம் கொடுத்து, சிறு வெகுமதியும் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பி வைத்தார். கோட்டை பிழைத்தது.

அரசருக்குப் படை இருந்தது, கம்பெனிக்குப் பீரங்கி இருந்தது, இரண்டாலும் ஒரு மரக்கால் நெல்லை அழைத்துவர முடியவில்லை. சொன்னால் கொடுப்பார் என்ற ஒரு பேச்சு அதைச் செய்தது. அந்தப் பேச்சு ஒரு நாளில் உண்டானதல்ல. முப்பது ஆண்டு காலம் எளிய சாப்பாடும் ஒரு சிறு அறையுமாக வாழ்ந்து, யாரிடமும் கையேந்தாமல் நடந்தவரைப் பற்றி ஊர் தானாகப் பேசிக்கொண்டது. அதுதான் அவருடைய கருவூலம்.

இன்னொரு முறையும் அதைப் பார்த்தோம். போர் ஓய்ந்த பிறகு, மன்னரின் அதிகாரிகள் செய்த கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடிப்போனார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. நீதி செய்வோம் என்று மன்னர் சொல்லி அனுப்பியும் யாரும் திரும்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் தம் பெயரில் உறுதி கொடுத்தார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். ஆனியில் தொடங்க வேண்டிய சாகுபடி ஆவணி, புரட்டாசி வரை தள்ளிப்போயிருந்தது. ஆனாலும் அவர் மேல் வைத்த அன்புக்காக இரவு பகலாக உழைக்கிறோம் என்று சொல்லி ஏர் பூட்டினார்கள். முந்திய ஆண்டைவிட அந்த ஆண்டு விளைச்சல் நன்றாகவே இருந்தது.

இவ்வளவு செல்வாக்கு உள்ளவருக்கு அரியணையின் பக்கத்து நாற்காலியும் தேடி வந்தது. 1787-இல் துளஜாஜி மரணப் படுக்கையில் கிடந்தார். பெற்ற பிள்ளைகள் யாரும் உயிரோடு இல்லை. சரபோஜி என்ற சிறுவனைத் தத்தெடுத்திருந்தார். சுவார்ட்ஸ் ஐயரை அழைத்து, இனி இவன் உங்கள் பிள்ளை, நீங்களே பாதுகாவலராக இருக்க வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டிருந்தால் தஞ்சை நாடே ஒரு பாதிரியாரின் கைக்குள் வந்திருக்கும். புல்டாவின் கதை காவிரிக் கரையில் தொடங்கியிருக்கும். அவர் மறுத்தார். அரசருடைய சகோதரர் அமர்சிங்கிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று ஆலோசனை சொன்னார்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நாம் முழு உண்மையையும் பார்க்க வேண்டும். கம்பெனி பண்டிதர்களைக் கேட்டு, தத்து செல்லாது என்று முடிவு செய்து அமர்சிங்கையே அரசராக்கியது. அவர் சரபோஜியை அடைத்து வைத்தாற்போல் நடத்தினார். படிப்பும் இல்லை, வெளிக்காற்றும் இல்லை. தாம் சொன்ன ஆலோசனை பிள்ளையைச் சிறையில் தள்ளிவிட்டதைக் கண்ட சுவார்ட்ஸ் ஐயர் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு எழுதி எழுதிப் போராடி, 1793-இல் சிறுவனைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அவருடைய முயற்சியும் சேர்ந்து, 1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். அதே ஆண்டு பிப்ரவரியில் சுவார்ட்ஸ் ஐயர் இறந்துபோயிருந்தார். மறு ஆண்டே, 1799-இல், ஓர் உடன்படிக்கை மூலம் தஞ்சையின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சரபோஜிக்குக் கோட்டையும் ஓர் உதவித்தொகையும் மிஞ்சின.

சுவார்ட்ஸ் ஐயர் நல்லெண்ணத்தோடு கம்பெனியிடம் முறையிட்ட ஒவ்வொரு முறையும், அரண்மனை விவகாரத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு என்று கம்பெனி பழகிக்கொண்டது. குற்றமற்ற கைகூட மற்றொருவர் கையில் கருவியாகிவிடலாம். இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. நாம் விழிப்பாக இருக்க உதவும். சரபோஜியை அவர் கிறிஸ்தவராக்க நெருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரபோஜி தம் முன்னோர் சமயத்திலேயே இருந்தார். ஆயினும் தம்மைக் காத்த பெரியவரின் நினைவாக இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் செய்த பளிங்குச் சிற்பத்தை வரவழைத்து, தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் வைத்தார். இன்றும் நாம் போய்ப் பார்க்கலாம். மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் கையை அரசர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

புல்டாவுக்கு என்ன நடந்தது? 1803-இல் பேரரசு ஒரே சட்டத்தால் மடங்களின் ஆட்சிகளைக் கலைத்து, நிலங்களை மற்ற அரசர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. நாற்காலிக்காக இரத்தம் சிந்திய மடத்தின் ஆட்சி ஒரு கையெழுத்தில் போயிற்று. போனிபாஸின் கல்லறை மட்டும் அங்கேயே இருக்கிறது. மக்கள் இன்றும் அங்கே போய் மன்றாடுகிறார்கள்.

அன்பர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். குருவானவர் பேசலாமா, கூடாதா? நெல் இல்லாமல் ஊர் சாகும்போது சுவார்ட்ஸ் ஐயர் பூசை மேசையோடு நின்றுவிட்டிருந்தால் அது பக்தி ஆகாது. ஆகவே பேச வேண்டிய நேரத்தில் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசுவதற்கு முன்னால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குருக்கள் மட்டுமல்ல, பங்குப் பேரவையில் இருப்பவர்கள், அன்பியப் பொறுப்பாளர்கள், பள்ளி நடத்துகிறவர்கள், எல்லாருமே.

முதல் கேள்வி: இந்தப் பேச்சால் பலன் யாருக்கு? விசைத்தறிக் கூலிக்கும், கோழிப்பண்ணையில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்கிறவருக்கும், கிணற்றில் தண்ணீர் வற்றிப்போன விவசாயிக்குமா? அல்லது நம் கட்டடத்துக்கும் நம் அனுமதிக் கடிதத்துக்கும் மட்டுமா? திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரிசையில் நிற்கும் பாட்டிக்காக நாம் எத்தனை முறை கூடப் போயிருக்கிறோம்?

இரண்டாவது: அந்தப் பை என்ன ஆயிற்று? திருவிழாப் பந்தலுக்கு, மணிக்கூண்டுக்கு, கெபிக்கு என்று தேர்தல் நேரத்தில் வரும் பணத்தை வாங்கியவர், மறுநாள் நீதிக்காக வாய் திறந்தால் கேட்கிறவர் சிரிப்பார். ஹைதர் கொடுத்த முந்நூறு ரூபாய் போன வழியை நினைவில் வைப்போம்.

மூன்றாவது: யார் கையில் நாம் கருவியாகிறோம்? நம் பெயரையும் நம் மக்களின் நம்பிக்கையையும் சமாதானத்துக்காகக் கேட்கிறார்களா, அல்லது ஒரு நாள் மேடைக்காகக் கேட்கிறார்களா? சொன்னதைச் செய்வார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

செபிப்போம். தொண்டு ஏற்க அன்று, தொண்டு ஆற்றவே வந்த ஆண்டவரே, எங்கள் ஆயர்களையும் குருக்களையும் நாற்காலி ஆசையிலிருந்து காத்தருளும். ஆட்சியில் இருப்பவர்களுக்கு வாக்குத் தவறாத மனத்தைத் தாரும். பசித்தவர்களுக்காக நாங்கள் வாசலில் போய் நிற்கும்போது, எங்கள் வார்த்தையை ஊர் நம்பும்படி எங்கள் வாழ்வைத் தூய்மையாக்கும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.